கையில் இருப்பது ஒரிஜினலா?

மும்பைக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட இந்தி வாக்கியங்களில் ஒன்று, "அஸ்லி ஹை க்யா?" லோக்கல் ரயிலில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் சட்டைக்கை கொஞ்சம் கீழே இறங்கும், வாட்ச் தெரியும், பக்கத்தில் நிற்கும் நண்பர் கேட்டுவிடுவார். கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பதில் சொல்பவரும் சிரிப்பார். ஆனால் இரண்டு சிரிப்பும் ஒன்றில்லை.

அடுத்தவர் கையில் இருப்பது போலி என்று தெரிந்தால் சொல்வதா, விடுவதா? இது ஏதோ மால் கலாச்சாரம் வந்த பிறகு வந்த பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாளாக இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததில், பிரச்சினைக்கு வயது முந்நூறுக்கு மேல் என்று தெரிந்தது. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல் எடுத்த பெரியவர்

லண்டனில் தாமஸ் டாம்பியன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார் (1639-1713). ஆங்கிலக் கடிகாரத் தொழிலின் தந்தை என்பார்கள். செத்த பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைக்கும் அளவுக்குப் பெரிய ஆள். தன் பட்டறையில் செய்த கடிகாரங்களுக்கு வரிசை எண் போடும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர். அவர் பெயருக்கு இருந்த மவுசில், அவர் பெயரைப் பொறித்த போலிகளும் சந்தையில் வந்துவிட்டன.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருவர் தன் டாம்பியன் கடிகாரத்தை ரிப்பேருக்காக அவரிடமே கொண்டுவந்தாராம். பெரியவர் திறந்து பார்த்தார். தன்னுடையது இல்லை என்று தெரிந்தது. பேசாமல் சுத்தியலை எடுத்து அதை நொறுக்கிவிட்டு, தான் செய்த ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதுதான் நான் செய்தது" என்றாராம். உண்மையில் நடந்ததோ, பிற்பாடு யாராவது கட்டிவிட்டதோ, நம் கேள்விக்கு எழுதப்பட்ட முதல் பதில் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

போலித் தொல்லை தாங்காமல் 1698-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டமே வந்தது. கடிகாரத்தில் செய்தவர் பெயரும் ஊரும் பொறித்திருக்க வேண்டும் என்றது. விளைவு என்ன? போலி செய்கிறவர்களும் ஒழுங்காகப் பெயரும் ஊரும் பொறித்துவிட்டார்கள்! பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பெயர் தாங்கி ஏராளமான கடிகாரங்கள் ஐரோப்பாவில் விற்றன. 'டச்சுப் போலிகள்' என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் பெரும்பாலானவை செய்யப்பட்டது ஜெனீவாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் என்கிறார்கள் கடிகார வரலாறு எழுதுகிறவர்கள்.

ஆமாம், சுவிட்சர்லாந்துதான். இன்றைக்குப் போலி வாட்சுகளை எதிர்த்து உலகத்துக்கே பாடம் நடத்தும் அதே ஊர். கதை அதோடு நிற்கவில்லை. 1870, 80-களில் அமெரிக்காவின் வால்தம், எல்ஜின் கடிகாரங்களுக்குப் பெயர் வந்தபோது, ஓரிரு எழுத்தை மாற்றிய பெயர்களோடு சுவிஸ் சரக்கு அமெரிக்காவில் இறங்கியது. ரங்கநாதன் தெருவில் விற்கும் செருப்பு ஞாபகம் வருகிறதா? அதே டெக்னிக்.

பாரிஸில் இருந்த ப்ரெகே (பிறப்பால் சுவிஸ்காரர்) வேறு வழி பிடித்தார். 1795 வாக்கில், டயலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ரகசியக் கையெழுத்தைப் போட ஆரம்பித்தார். வெளிச்சம் சாய்வாகப் படும்படி திருப்பினால்தான் தெரியும். டாம்பியன் உடைத்துக் காட்டியதை இவர் ஓசைப்படாமல் செய்தார். வைத்திருப்பவர் வீட்டிலேயே தனியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், நாலு பேர் முன்னால் தெரிய வேண்டியதில்லை.

சரக்கு அசல், பாதை போலி

இனி நம் ஊருக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே பம்பாய் பெரிய வாட்ச் சந்தை. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் பெயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே கடை போட்டுவிட்டன. பிரபலமான பெயர் இருந்தால் போலியும் இருக்கும். போலி முத்திரைக்கு எதிரான இந்திய வணிகச் சின்னச் சட்டம் 1889-ல் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை வேறு மாதிரி ஆனது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வாட்ச் மாதிரி சாமான்களை வெளியிலிருந்து சுலபமாக இறக்க முடியாது. 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதா என்று பெயர் வைத்ததே அது யாருக்கானது என்று சொல்லிவிடும். சாவி கொடுத்தால் ஓடும், விழுந்தாலும் ஓடும். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கிற அளவுக்குச் சரக்கு வரவில்லை. ஃபாரின் வாட்ச் மேல் இருந்த ஆசையும் குறையவில்லை. இந்த இடைவெளியில்தான் கடத்தல் உள்ளே வந்தது.

கடத்தல் மன்னர்களில் பெயர் பெற்ற ஹாஜி மஸ்தான் நம் ராமநாதபுரத்துப் பனைக்குளத்துக்காரர். பம்பாய்த் துறைமுகக் கூலியாக ஆரம்பித்தவர். தங்கம், வெள்ளி, டிரான்சிஸ்டர், வாட்ச் என்று அந்தக் காலத்துக் கடத்தல் பட்டியலைப் பார்த்தால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கல்யாண லிஸ்ட் மாதிரியே இருக்கும். 1974-ல் காஃபிபோசா சட்டம் வந்ததே இந்த ஆட்களைப் பிடிக்கத்தான். பம்பாயில் முசாஃபிர்கானா, மனீஷ் மார்க்கெட். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் போட்டுக்கொடுத்த பர்மா பஜார்.

இங்கே ஒரு சட்டப் பிரிவைச் சொல்லியே ஆக வேண்டும். 1962 சுங்கச் சட்டத்தின் 123-வது பிரிவு. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். ஆனால் சில சாமான்களுக்கு மட்டும் தலைகீழ். கடத்தல் சரக்கு என்று நியாயமாக நம்பி அதிகாரி கைப்பற்றிவிட்டால், கடத்தல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பாடு. எந்தெந்த சாமான் என்று பார்த்தால், தங்கத்துக்கு அடுத்து பெயர் சொல்லி எழுதியிருப்பது கைக்கடிகாரம். இன்றும் அந்த வாசகம் அப்படியே இருக்கிறது.

அதனால் அன்றைக்கு ஒருவர் கையில் சீக்கோவோ ராடோவோ பளபளத்தால் "அசலா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எங்கே வாங்கினது?" என்றுதான் கேட்கத் தோன்றும். அதையும் கேட்கக் கூடாது. அதுதான் அன்றைய நாகரிகம். கேட்டால் வரும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "மச்சான் துபாய்லேர்ந்து கொண்டுவந்தார்." எத்தனை மச்சான்கள் துபாயில் இருந்தார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம் :-)

போலி வாட்ச் நம் நாட்டில் செழித்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். கடத்தல் சரக்குக்கு பில் கிடையாது, கேரண்டி அட்டை கிடையாது. ஏமாந்தவன் போலீசுக்குப் போக முடியாது. போனால் முதல் கேள்வி அவனுக்குத்தான். ஆக, அசல் வந்த அதே சந்தில் போலியும் வந்தது. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்ஹாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று மும்பைக்காரர்கள் இன்றும் அடிக்கும் ஜோக் அந்தக் காலத்து மிச்சம்.

காப்பி இல்லை சாப், ஃபர்ஸ்ட் காப்பி!

1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டு சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். ஓசூரில் தொழிற்சாலை. குவார்ட்ஸ்தான் எதிர்காலம் என்று துணிந்து இறங்கினார்கள், ஜெயித்தார்கள். நல்ல வாட்ச் பில்லோடு உள்ளூர்க் கடையில் கிடைத்தது. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கெடுபிடிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, 2001 ஏப்ரலில் நுகர்பொருட்களுக்கு மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் பெரும்பாலும் போயின. பெரிய சுவிஸ் பெயர்கள் தாங்களே கடை திறந்தன. கடத்திக் கொண்டுவர வேண்டிய அவசியம் குறைந்தது.

சந்துகள் மூடவில்லை. சரக்கை மாற்றிக்கொண்டன. மும்பையில் ஒரு வியாபாரியிடம் "இது காப்பியா?" என்று கேட்டுப் பாருங்கள். "காப்பி நஹி சாப், ஃபர்ஸ்ட் காப்பி" என்று கொஞ்சம் மனம் புண்பட்ட மாதிரி பதில் வரும். போலிக்குள்ளேயே ஒரு ஜாதி அடுக்கு. டூப்ளிகேட் கடைசி, ஃபர்ஸ்ட் காப்பி அதற்கு மேல், மாஸ்டர் காப்பி இன்னும் மேல். வாங்குகிறவர் மனம் கோணாமல் பொய்யை உண்மையாகவே சொல்லி விற்கும் இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு கும்பிடு.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ல் அமலுக்கு வந்த 1999 வணிகச் சின்னச் சட்டத்தில் 103, 104-ஆம் பிரிவுகள். போலி முத்திரை குத்துகிறவருக்கும், விற்கிறவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தான் கட்டிக்கொள்வதற்காக வாங்கினவரைப் பற்றி அந்தப் பிரிவுகளில் பேச்சே இல்லை. இத்தாலியில் வாங்கினவருக்கே அபராதம் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2008 முதல், சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்த ஒரே ஒரு போலியைக்கூட எல்லையில் பிடுங்கிக்கொள்ளலாம். இங்கே கட்டுகிறவரைச் சட்டம் விட்டுவிட்டது. அவரை விசாரிக்கிற வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

கண் எதைப் பார்க்கிறது?

ஒரு காலத்தில் கண்டுபிடிப்பது சுலபம். நொடி முள் 'டிக்... டிக்...' என்று நொடிக்கு ஒருமுறை குதித்தால் பேட்டரி. இன்றைய நல்ல ஆட்டோமேடிக் வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு 8. முள் வழுக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். ரோலெக்ஸில் தேதிக்கு மேல் இருக்கும் சின்ன பூதக்கண்ணாடி இரண்டரை மடங்கு பெரிதாக்கும். மலிவுப் போலியில் தேதி எறும்பு மாதிரி தெரியும்.

இப்போது அந்தப் பாட்சாவெல்லாம் பலிக்காது. உள்ளே இருக்கும் எந்திரத்தையே நகலெடுத்துவிடுகிறார்கள். தொழில் தெரிந்தவர் பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்ற நிலைமை. அப்படியென்றால் ரயிலில் நாலடி தூரத்திலிருந்து "அஸ்லி ஹை க்யா?" என்று கேட்பவர் எதைப் பார்த்துக் கேட்கிறார்?

ஆளைப் பார்த்து. அவ்வளவுதான். செருப்பு, பை, நிறம், பேசுகிற இந்தி, இறங்குகிற ஸ்டேஷன், எல்லாம் பார்த்து ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை வாட்சின் தலையில் எழுதுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் அன்றைய கர்நாடக முதல்வர் சித்தராமையா கட்டியிருந்த ஹூப்லோ வாட்சைக் குமாரசாமி கிளப்பினார். விலை 70 லட்சம் என்று பேசினார்கள். துபாயில் இருக்கும் டாக்டர் நண்பர் பரிசாகக் கொடுத்தது என்றார் முதல்வர் (துபாய் நம்மை விடவே இல்லை பாருங்கள்). மார்ச் மாதம் அதைச் சட்டசபை சபாநாயகரிடம் ஒப்படைத்தார். அந்த ஒரு மாதமும் பெரிதாக அடிபட்ட கேள்வி "எப்படி வந்தது?" என்பதே. பெரிய மனிதர் கையில் இருந்தால் "எப்படி வந்தது?" சின்ன மனிதர் கையில் இருந்தால் "அசலா?" ஒரே பொருள், இரண்டு சந்தேகம். முதல் கேள்வி பொதுப் பணத்தைப் பற்றியது, கேட்கத்தான் வேண்டும். இரண்டாவது, உன் தகுதிக்கு இது எங்கே கிடைத்தது என்ற கேள்விக்குப் போட்ட மேல்சட்டை.

ஃபூஃபாஜி கேட்ட கேள்வி

சில வருஷங்களுக்கு முன் உடன் வேலை பார்த்த ஒரு பையனின் கல்யாணத்துக்காக உத்தரப் பிரதேசத்தில் ஜான்பூர் பக்கம் போயிருந்தேன். வடக்கே அந்தக் காலத்து மாப்பிள்ளை சீர் என்றால் 'கடி, சைக்கிள், ரேடியோ' என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். கடி என்றால் கடிகாரம். சைக்கிள் மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டது, ரேடியோ டிவியாகிவிட்டது, கடி மட்டும் கடியாகவே இருக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாயிற்று. கேட்டு வாங்கினால் குற்றம், கேட்காமல் கொடுத்ததைப் பட்டியல் போட்டு வைத்தால் விலக்கு உண்டு. வாட்ச் அந்தப் பட்டியலில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

பெண் வீட்டார் போட்டது ராடோ. மாப்பிள்ளையின் அத்தை புருஷர், அதாவது ஃபூஃபா, அதைக் கழற்றி வாங்கி என்னிடம் நீட்டினார். வட இந்தியக் கல்யாணத்தில் ஃபூஃபா என்றால் தெரியுமல்லவா, குறை கண்டுபிடிப்பதற்கென்றே அழைக்கப்படும் உறவு. "ஆப் தோ பம்பாய்வாலே ஹைன். பத்தாயியே, அஸ்லி ஹை நா?" சுற்றிலும் பத்துப் பேர். இரண்டடி தள்ளி, கையில் மிட்டாய்த் தட்டோடு பெண்ணின் அப்பா.

வாங்கிப் பார்த்தேன். ராடோ ஆட்டோமேடிக் டயலில் சின்ன நங்கூரம் ஒன்று இருக்கும். வாட்சைச் சாய்த்தால் அது ஊசலாடும். இதில் ஆட்டோமேடிக் என்று எழுதியிருந்தது, நங்கூரம் அசையவில்லை. நொடி முள் குதித்துக் குதித்துப் போனது. சந்தேகத்துக்கே இடமில்லை.

என் கையில் இருந்த டைட்டனோடு வைத்துப் பார்த்துவிட்டு, "டைம் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை ஃபூஃபாஜி. மாப்பிள்ளை கைக்குப் பொருத்தமாவும் இருக்கு" என்றேன். இரண்டும் உண்மை. அவருக்குத் திருப்தியில்லை, ஆனால் அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை. வாட்ச் மாப்பிள்ளை கைக்குத் திரும்பியது.

அங்கே உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். விற்ற கடைக்காரனுக்கு ஒன்றுமில்லை. ஃபூஃபாவுக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்ல ஒரு கதை. மிச்சமெல்லாம் அந்தப் பெண் தலையில். பத்து வருஷம் கழித்துக் குழம்பில் உப்பு குறைந்தால்கூட "உங்கப்பன் நக்லி கடி கொடுத்தவன்தானே" என்று ஆரம்பிக்கும்.

சாப்பாட்டின்போது பெண்ணின் அப்பாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாயி சாப், பெரிய கடையிலதான் வாங்கினேன், பில் இருக்கு" என்றார், நான் எதுவும் கேட்காமலே. அவரிடம் மட்டும் சொன்னேன். பில்லோடு போய்க் கம்பெனி முத்திரை வைத்த கேரண்டி அட்டை கேளுங்கள், தர மாட்டார்கள், பணத்தைத் திருப்பி வாங்காமல் வராதீர்கள் என்று. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிதாயி முடியட்டும்" என்றார். பெண்ணை அனுப்பிவைத்த பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம்.

டாம்பியன் கதையில் பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். போலியை உடைத்தார் என்பது பாதி. உடைத்த கையோடு அசலை எடுத்துக் கொடுத்தார் என்பது மீதி. ஃபூஃபாஜியிடம் சுத்தியல் மட்டும் இருந்தது.

எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. தெரிந்தே கட்டியிருப்பவரை விட்டுவிடுவது. அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் ஏமாந்தவருக்கு, சொல்வதால் பணம் திரும்பும் என்றாலோ, அடகுக் கடைக்கோ விற்பதற்கோ கொண்டுபோகிறார் என்றாலோ சொல்வது, தனியாக. விற்கிறவனைப் பற்றி மட்டும் எல்லோரிடமும், சத்தமாக.

ஏமாற்று வேலைக்குத் துணைபோகிறாய் என்று சில நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். போலி வாங்குவது தவறில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் எங்கெங்கோ போகிறது, நியாயமாகத் தொழில் செய்கிறவன் வயிற்றில் அடிக்கிறது. ஆனால் அந்தத் தவறைத் திருத்தும் இடம் விற்பனைப் பெட்டி, மணிக்கட்டு இல்லை.

கடைசியாக ஒன்று. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்குப் பிறகு பழைய ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி கூடிவிட்டது. விளைவு, ஆரஞ்சும் பச்சையுமாக, தொழிற்சாலை கனவிலும் போடாத நிறங்களில் டயலுக்குப் புதுச் சாயம் பூசி, வேறு வேறு வாட்சின் உதிரிகளைச் சேர்த்து விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த வகைச் சரக்குக்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. ஏழைக்கென்று செய்த வாட்சுக்கும் போலி வந்துவிட்டது!

எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் அப்படி ஒன்று கட்டிக்கொண்டு வருகிறார். பளீரென்ற ஆரஞ்சு டயல். "அப்பா கட்டியிருந்த மாடல்" என்று போன வாரம் காட்டினார். தினமும் காலையில் மறக்காமல் சாவி கொடுக்கிறாராம். நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார்.

உங்கள் ஊர் சந்தையில் ஃபர்ஸ்ட் காப்பிக்கு என்ன பெயர், யாராவது முகத்துக்கு நேரே கேட்டால் என்ன பதில் சொல்வார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.